திருடு போகாமலே கெட்டுப்போகும் தகவல்கள்

(நம் குடியிருப்போர் நலச் சங்கத்தின் காலாண்டுக் கூட்டத்தில் உறுப்பினர் ஒருவர் பேசியதன் எழுத்து வடிவம்)



செயலர் என்னிடம் "சைபர் பாதுகாப்பு பற்றி இருபது நிமிடம் பேசுங்கள்" என்றுதான் கேட்டார். ஓ.டி.பி.யை யாருக்கும் சொல்லக் கூடாது, தெரியாத லிங்கைத் தொடக் கூடாது என்பதெல்லாம் உங்களுக்கே தெரியும். போன கூட்டத்திலும் அதைப் பேசிவிட்டோம். அதனால் இன்று வேறொன்றைச் சொல்ல அனுமதி கேட்டேன். திருடன் யாரும் வராமல், நம் விரலாலேயே நம் தகவல் எப்படித் தப்பாகிப் போகிறது என்பதுதான் அது. அப்படி ஒரு தப்பை இந்தக் கட்டடத்தில் செய்தது நான்தான்.

2024 டிசம்பரில் ஃபெஞ்சல் புயலைத் தொடர்ந்து தென்பெண்ணையில் வெள்ளம் வந்தது உங்களுக்கு நினைவிருக்கும். அந்த வாரம் கரண்ட் இல்லை, பாதிப் பேர் போனில் சார்ஜ் இல்லை. வெளியூரில் இருக்கும் பிள்ளைகள் பெற்றோரைப் பற்றி யாரைக் கேட்பது என்று தெரியாமல் தவித்தார்கள். அதற்குப் பிறகுதான் 48 வீட்டுக்கும் ஓர் அவசரத் தொடர்புப் பட்டியல் போட்டோம். கதவு எண், குடியிருப்பவர் பெயர், அவசரத்துக்குக் கூப்பிட வேண்டிய நம்பர். அப்போது நான் இணைச் செயலாளர் என்பதால் பட்டியல் என் பொறுப்பில் இருந்தது. கணினி அட்டவணையில் போட்டு, ஒரு பிரதியை வாட்ச்மேன் அறையில் ஒட்டினோம்.

சில மாதம் கழித்து, பெயர்கள் அகர வரிசையில் இருந்தால் தேட வசதியாக இருக்குமே என்று தோன்றியது. பெயர்ப் பத்தியைத் தேர்ந்தெடுத்து வரிசைப்படுத்தச் சொன்னேன். சின்னப் பெட்டி ஒன்று திறந்து ஏதோ கேட்டது. அதைச் சரியாகப் படிக்காமல், வேலை நடக்கிற பட்டனை அழுத்தினேன். பெயர்கள் அழகாக அடுக்கிக்கொண்டன. புதுப் பிரதி எடுத்துப் பழையதன் மேலேயே ஒட்டினேன்.

அந்தப் பெட்டி கேட்டது இதைத்தான்: "இந்தப் பத்தியை மட்டும் அடுக்கவா, பக்கத்தில் இருப்பவற்றையும் சேர்த்து அடுக்கவா?" நான் "மட்டும்" என்று சொல்லியிருக்கிறேன். பெயர்கள் நகர்ந்தன. கதவு எண்களும் நம்பர்களும் இருந்த இடத்திலேயே நின்றன. 48 பெயரில் ஏறக்குறைய எல்லாவற்றுக்கும் எதிரே வேறு வீட்டு நம்பர். பார்வைக்குப் பட்டியல் முன்பைவிட ஒழுங்காக இருந்தது. அதனால் யாருக்கும் சந்தேகம் வரவில்லை.

பிறகு ஓர் இரவு, இரண்டாம் மாடியில் தனியாக இருக்கும் பெரியவர் குளியலறையில் விழுந்துவிட்டார். சத்தம் கேட்டு எதிர்வீட்டார் ஓடினார்கள், 108-ஐ வரவழைத்தார்கள். வாட்ச்மேன் பட்டியலில் பெயரைத் தேடி, எதிரே இருந்த நம்பருக்குப் போன் செய்து, "அப்பா விழுந்துட்டார்மா, உடனே வாங்க" என்றார். எடுத்தவர் வேறொரு வீட்டுக்காரரின் மகள், கோயம்புத்தூரில் இருப்பவர். அவருடைய அப்பா இரவில் போனை அணைத்துவிட்டுத் தூங்குபவர். பதறிப்போய் இரண்டு மணிக்குக் காரில் கிளம்பிவிட்டார். சேலம் தாண்டிய பிறகுதான் அப்பா போனை எடுத்து, "நான் நல்லாத்தானே இருக்கேன், என்னம்மா ஆச்சு?" என்று கேட்டிருக்கிறார். விழுந்த பெரியவரின் மகன் இருப்பதோ பாண்டிச்சேரியில். முக்கால் மணியில் வந்து சேர்ந்திருக்கக் கூடியவருக்குக் காலை ஏழு மணிக்குத்தான் சேதி போனது. இடுப்பெலும்பு அறுவை சிகிச்சைக்கு ஒப்புதல் கையெழுத்து போடக்கூட அதுவரை ஆள் இல்லை.

பெரியவர் இப்போது நலம். இதைச் சொல்லிக்கொள்ள அவரும், அந்த மகளும் அனுமதி கொடுத்தார்கள். இருவரிடமும் மன்னிப்புக் கேட்டேன், இன்று உங்கள் முன்பும் கேட்டுக்கொள்கிறேன்.

"கவனமாக இருந்திருக்க வேண்டும்" என்பீர்கள். ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அதோடு விட்டுவிட்டால் அடுத்த இணைச் செயலாளரும் இதையே செய்வார். ஏன் நடந்தது என்று யோசித்துப் பார்த்தேன். அந்தப் பெட்டி என்னிடம் கேள்வி கேட்டதே தவிர, "48 வரிசையில் பெயரும் நம்பரும் பிரியப்போகிறது" என்று காட்டவில்லை. இரண்டு பதிலில் எது ஆபத்து என்றும் சொல்லவில்லை. தப்பான பட்டியல் தானாகவே சேமிப்பாகிவிட்டது. காகித நோட்டில் தப்பு செய்தால் அடித்தல் திருத்தல் கண்ணில் படும். திரையில் தப்பு செய்தால், தப்பும் சரியைப் போலவே சுத்தமாக இருக்கும். பணம் திருடு போனால் அன்றைக்கே எஸ்.எம்.எஸ். வந்துவிடும். தகவல் திரிந்துபோனால், அது தேவைப்படுகிற நாள் வரைக்கும் தெரியாது.

இது நம் கட்டடத்துக் கதை மட்டும் இல்லை. எக்செல்லில் "3-2" என்று கதவு எண்ணை அடித்துப் பாருங்கள். நம் ஊர் அமைப்பில் அதை பிப்ரவரி 3 என்று மாற்றிவிடும். கேட்காது. மறுபடி எண்ணாக்கினால் 45691 என்பது போல ஏதாவது வரும், நம் கதவு எண் போனது போனதுதான். மின் இணைப்பு எண் சைபரில் தொடங்கினால் முன்னால் உள்ள சைபரை எடுத்துவிடும். எக்செல் ஓர் எண்ணில் 15 இலக்கத்தைத்தான் சரியாக வைத்துக்கொள்ளும். 16 இலக்க வங்கிக் கணக்கு எண்ணை அப்படியே அடித்தால் கடைசி இலக்கம் சைபர் ஆகிவிடும். அந்த எண்ணுக்குப் பணம் அனுப்பினால் என்ன ஆகும் என்பதை நம் பொருளாளர் சொல்வார்.

விஞ்ஞானிகளும் இதில் தப்பவில்லை. மனித மரபணுக்களில் சிலவற்றுக்கு மார்ச்1, செப்ட்2 என்று சுருக்கப் பெயர் இருந்தது. எக்செல் அவற்றை மார்ச் 1, செப்டம்பர் 2 என்று தேதியாக்கிக்கொண்டே இருந்தது. எக்செல்லில் மரபணுப் பட்டியல் இணைத்து வெளியான ஆய்வுக் கட்டுரைகளில் ஏறக்குறைய ஐந்தில் ஒன்றில் இந்த மாதிரிப் பிழை இருப்பதாக 2016-இல் ஓர் ஆய்வு காட்டியது. கடைசியில் 2020-இல், மரபணுக்களுக்குப் பெயர் சூட்டும் குழு மரபணுக்களின் பெயரையே மாற்றிவிட்டது. மென்பொருளில் அந்தத் தானியங்கி மாற்றத்தை நிறுத்திவைக்கும் வசதி 2023-இல்தான் வந்தது. ஒரு திரையைத் திருத்துவதைவிட மனித மரபணுவுக்குப் பெயர் மாற்றுவது சுலபமாக இருந்திருக்கிறது, பாருங்கள்.

நமக்கு இன்னும் நெருக்கமான உதாரணம் நம் பெயர்தான். நமக்கு இருப்பது இனிஷியலும் பெயரும். படிவத்தில் இருப்பதோ முதல் பெயர், கடைசிப் பெயர் என்று இரண்டு பெட்டி. குப்புசாமியின் மகன் முருகன் பள்ளிச் சான்றிதழில் கு. முருகன். ஆதாரில் முருகன் கு. பான் விண்ணப்பம் முதல் பெயரிலும் கடைசிப் பெயரிலும் இனிஷியலை ஏற்காது, அதனால் அங்கே முருகன் குப்புசாமி. அவர் மகளைப் பார்க்க அமெரிக்கா போனால் எல்லோரும் "மிஸ்டர் குப்புசாமி" என்று கூப்பிடுவார்கள். ஆள் ஒருவர், பெயர் மூன்று. முருகன் எங்கும் பொய் சொல்லவில்லை. ஒவ்வொரு பெட்டியும் அவரை ஒவ்வொரு விதமாக நிரப்ப வைத்திருக்கிறது.

விளைவை நம்மில் பலர் அனுபவித்திருக்கிறோம். பான், ஆதார் இணைப்புக்கு 2023 ஜூன் 30 கடைசி நாள் என்றபோது, "விவரம் பொருந்தவில்லை" என்ற ஒரே வரியைப் பார்த்துக்கொண்டு எத்தனை பேர் இ-சேவை மையங்களில் நின்றோம்! 2022 நவம்பரில் ஐக்கிய அரபு அமீரகம், பாஸ்போர்ட்டில் ஒற்றைப் பெயர் மட்டும் உள்ளவர்கள் சுற்றுலா விசாவில் வர முடியாது என்றது. குடும்பப் பெயர் பெட்டியைக் காலியாக விட்ட நம் ஊர்க்காரர்களுக்கு அது பெரிய இடியாக இருந்தது. பாஸ்போர்ட்டின் இரண்டாம் பக்கத்தில் தந்தை பெயர் இருந்தால் போதும் என்று பிறகு தளர்த்தினார்கள்.

இதுவரை சொன்னது வடிவமைப்பில் இருந்த கவனக்குறைவு. வடிவமைப்பே நம்மைத் தள்ளிக்கொண்டு போகிற வகையும் உண்டு.

2017-இல் எல்லா மொபைல் எண்ணையும் ஆதாரோடு சரிபார்க்க வேண்டும் என்று வந்ததே, நினைவிருக்கிறதா? கடைக்குப் போய் விரல் வைத்துவிட்டு வந்தோம். அதே சமயத்தில், லட்சக்கணக்கான ஏர்டெல் வாடிக்கையாளர்களுக்கு அவர்கள் அறியாமலே ஏர்டெல் பேமெண்ட்ஸ் வங்கியில் கணக்குத் திறக்கப்பட்டது வெளியே வந்தது. சிம் சரிபார்ப்புக்காகக் கொடுத்த சம்மதமே வங்கிக் கணக்குக்கான சம்மதமாகவும் கொள்ளப்பட்டிருந்தது.

கணக்குத் திறந்ததோடு போகவில்லை. அரசு மானியம் ஆதார் வழியாகப் போகும்போது, அந்த ஆதாரோடு கடைசியாக எந்த வங்கிக் கணக்கு இணைந்ததோ அதற்குத்தான் போகும். புதுக் கணக்கு இணைந்ததும் பழைய இணைப்பின் இடத்தை அது பிடித்துக்கொண்டது. சிலிண்டர் மானியம் வழக்கமான வங்கிக்கு வராமல், இருப்பதே தெரியாத கணக்குக்குப் போய்ச் சேர்ந்தது. 31 லட்சத்துக்கு மேற்பட்டவர்களின் சுமார் 190 கோடி ரூபாய். 2017 டிசம்பர் 16 அன்று ஆதார் ஆணையம் அந்த நிறுவனத்தின் ஆதார் வழிச் சரிபார்ப்பு உரிமத்தை நிறுத்திவைத்தது. பணம் திருப்பித் தரப்பட்டது. 2018 மார்ச்சில் ரிசர்வ் வங்கி அந்த வங்கிக்கு 5 கோடி ரூபாய் அபராதம் விதித்தது.

இதில் யாருடைய ஓ.டி.பி.யும் திருடு போகவில்லை. விரல் வைத்தது நாம்தான். ஆனால் எதற்காக வைக்கிறோம் என்று நாம் நினைத்தது ஒன்று, எதற்காக வைத்தோம் என்று பதிவானது இன்னொன்று. "என் மானியம் எந்தக் கணக்குக்குப் போகும்" என்ற சின்னத் தகவல், சொந்தக்காரருக்குத் தெரியாமல் மாறிவிட்டது. சிலிண்டர் மானியம் வரவில்லையே என்று ஏஜென்சிக்கும் வங்கிக்கும் அலைந்தவர்களுக்கு அங்கே இருந்தவர்களாலும் பதில் சொல்ல முடியவில்லை.

"வயதானவர்கள், கம்ப்யூட்டர் தெரியாதவர்கள்தான் இப்படி மாட்டுவார்கள்" என்று நினைக்க வேண்டாம். இன்னொன்று சொல்கிறேன். 2020 ஆகஸ்ட் 11, நியூயார்க்கின் சிட்டி வங்கி. ரெவ்லான் என்ற அழகுசாதன நிறுவனத்துக்குக் கடன் கொடுத்தவர்களுக்கு வட்டியாக சுமார் 78 லட்சம் டாலர் அனுப்ப வேண்டிய வேலை. ஃப்ளெக்ஸ்கியூப் என்ற மென்பொருளில் அதைச் செய்ய, முழுக் கடனையும் அடைப்பது போலப் பதிந்துவிட்டு, அசல் தொகை வெளியே போகாமல் வங்கியின் உள்கணக்கு ஒன்றுக்குத் திருப்பிவிட வேண்டும். அப்படித் திருப்ப மூன்று பெட்டிகளை நிரப்ப வேண்டும். "அசல்" என்று பெயர் போட்ட ஒரு பெட்டியை மட்டும் நிரப்பினார்கள். அசலைத் தடுக்க அது போதும் என்றுதான் யாருக்கும் தோன்றும். மற்ற இரண்டின் பெயரைப் பார்த்தால் அவற்றுக்கும் இதற்கும் சம்பந்தம் இருப்பதாகவே தெரியாது.

ஒருவர் பதிந்து, ஒருவர் சரிபார்த்து, ஒருவர் ஒப்புதல் தர வேண்டும் என்பது அங்கே விதி. முதல் இருவர் இந்தியாவில் இருந்த விப்ரோ ஊழியர்கள், மூன்றாமவர் அமெரிக்காவில் இருந்த வங்கி அதிகாரி. மூவருமே சரி என்றார்கள். கடைசியில் ஓர் எச்சரிக்கையும் வந்தது. பணம் வங்கியை விட்டு வெளியே போகிறது, தொடரலாமா என்று கேட்டது. எவ்வளவு பணம் என்று மட்டும் அது சொல்லவில்லை. வட்டி வெளியே போக வேண்டியதுதானே என்று "தொடர்க" அழுத்தினார்கள். கிட்டத்தட்ட 90 கோடி டாலர் போய்விட்டது. அன்றைய மதிப்பில் 6,500 கோடி ரூபாய்க்கு மேல். மறுநாள்தான் தெரிந்தது. சுமார் 50 கோடி டாலரைத் திருப்பித் தர மாட்டோம் என்று சில கடன்காரர்கள் நின்றுவிட்டார்கள். 2021 பிப்ரவரியில் தீர்ப்பு வங்கிக்கு எதிராக வந்தது. 2022 செப்டம்பரில் மேல்முறையீட்டில்தான் அது மாறியது.

மூன்று ஜோடிக் கண்கள் பார்த்தும் ஏன் தப்பியது? மூவரும் பார்த்தது ஒரே திரையை. மனிதர்களைக் கூட்டினார்களே தவிர, "நீங்கள் தொடர்ந்தால் இந்தத் தொகை வெளியே போகும்" என்ற ஒரு வரியைத் திரையில் கூட்டவில்லை.

நம் மாவட்டத்துப் பெயரும் இப்படி ஒரு விஷயத்தில் அடிபட்டது. அதே 2020-இல், விவசாயிகளுக்கு ஆண்டுக்கு 6,000 ரூபாய் தரும் பி.எம். கிசான் திட்டத்தில், தமிழ்நாட்டில் தகுதியில்லாத லட்சக்கணக்கானோர் சேர்க்கப்பட்டது தெரியவந்தது. கள்ளக்குறிச்சி, விழுப்புரம், கடலூர் உள்ளிட்ட 13 மாவட்டங்கள், 110 கோடி ரூபாய்க்கு மேல். வேளாண் துறையினருக்குக் கொடுத்த லாகின் ஐ.டி.யும் பாஸ்வேர்டும் வெளியாட்கள் கையிலும் தனியார் கம்ப்யூட்டர் மையங்களிலும் புழங்கியிருக்கின்றன. சி.பி.சி.ஐ.டி. விசாரித்தது, கைதுகள் நடந்தன. இதில் குற்ற நோக்கம் இருந்தது, அதனால் என் தப்போடு சேர்த்துப் பேச மாட்டேன். ஆனால் பாடம் ஒன்றுதான். திரைக்கு ஆளைத் தெரியாது, பாஸ்வேர்டை மட்டும்தான் தெரியும். நிலம் இருக்கிறதா என்று வயலில் போய்ப் பார்க்க வேண்டிய வேலை, ஒப்புதல் பட்டனை அழுத்துகிற வேலையாகச் சுருங்கியதும் பட்டியல் பெருத்துவிட்டது.

சரி, நாம் என்ன செய்யலாம்?

முதலில் வீட்டுக்கு. எந்தப் படிவமானாலும் கடைசி பட்டனை அழுத்துவதற்கு முன் உள்ளதை ஒருமுறை வாய்விட்டுப் படியுங்கள். இ-சேவை மையத்தில் வேறொருவர் அடித்தால், "சப்மிட் பண்றதுக்கு முன்னாடி ஸ்கிரீனை இந்தப் பக்கம் திருப்புங்க தம்பி" என்று கேளுங்கள். பெயர், இனிஷியல், பிறந்த தேதி, கணக்கு எண் நான்கையும் பாருங்கள். ஒப்புகைச் சீட்டைப் போட்டோ எடுத்து வையுங்கள். உங்கள் ஆதாரோடு இப்போது எந்த வங்கி இணைந்திருக்கிறது என்பதை மைஆதார் இணையதளத்தில் பார்க்கலாம். வருடம் ஒருமுறை பாருங்கள். ஏற்கெனவே டிக் போட்டு வைத்திருக்கும் கட்டங்களைக் கண்டால் நின்று படியுங்கள். வாங்குபவரைத் தந்திரமாகத் தள்ளும் திரை வடிவமைப்புகள் 13 வகை என்று பட்டியலிட்டு, மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2023 நவம்பரில் அவற்றைத் தடை செய்திருக்கிறது. அப்படி எதையாவது கண்டால் 1915 என்ற நுகர்வோர் உதவி எண்ணில் புகார் செய்யலாம்.

அடுத்து சங்கத்துக்கு. என் தப்புக்குப் பிறகு செயற்குழு சில பழக்கங்களை ஏற்றுக்கொண்டிருக்கிறது. பட்டியலைத் திருத்தும் உரிமை இரண்டு பேருக்கு மட்டும், மற்றவர்கள் பார்க்கலாம். கதவு எண்ணுக்கு முன்னால் பிளாக் எழுத்து கட்டாயம், அப்போது அது தேதியாக மாறாது. போன் நம்பரும் கணக்கு எண்ணும் அடிப்பதற்கு முன்பே அந்தப் பத்தியை "எழுத்து" வகைக்கு மாற்றிவிடுகிறோம். மாதம் ஒரு பிரதியைத் தேதி போட்டுத் தனியாக எடுத்து வைக்கிறோம். அன்றைக்குப் பழைய பிரதி ஒன்று பென் டிரைவில் கிடந்ததால்தான் பட்டியலை ஒரே நாளில் மீட்க முடிந்தது.

மூன்றாவது, அடுத்த பொதுக்குழுவில் நாம் எடுக்கப்போகும் முடிவு. மெயின்டனன்ஸ் கணக்கு, வருகைப் பதிவு, அவசரத் தொடர்பு எல்லாவற்றையும் ஒரே ஆப்பில் கொண்டுவரலாம் என்ற யோசனை இருக்கிறது. நான் எதிர்க்கவில்லை. ஆனால் விற்க வருபவர் வண்ண வண்ணமாகக் காட்டும்போது நாம் நான்கு கேள்வி கேட்க வேண்டும். ஒரு மாற்றம் செய்யும் முன் எது எப்படி மாறப்போகிறது என்று காட்டுமா? தப்பாகிவிட்டால் பின்னோக்கிப் போக முடியுமா? யார், எப்போது, எதை மாற்றினார்கள் என்ற பதிவு இருக்குமா? நாளைக்கு வேண்டாம் என்று விலகினால் நம் தகவல் முழுவதும் நம் கைக்கு வருமா? இந்த நான்குக்கும் "ஆமாம்" என்று வாயால் சொன்னால் போதாது. நம் எதிரில் ஒரு பெயரைத் தப்பாக மாற்றி, திரும்பச் சரிசெய்து காட்டச் சொல்வோம்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். எவ்வளவு நல்ல திரையாக இருந்தாலும், ஒரு தகவல் சரியா என்று நிச்சயமாகச் சொல்லக் கூடியவர் அந்தத் தகவலுக்குச் சொந்தக்காரர்தான். என்னுடைய அடுக்கலுக்குப் பிறகு ஒவ்வொரு வீட்டுக்கும் அவரவர் வரியை அனுப்பியிருந்தால், முதல் நாளே நாற்பது பேர் "இது என் நம்பர் இல்லையே" என்று கதவைத் தட்டியிருப்பார்கள். அதனால் இந்தக் காலாண்டிலிருந்து உங்கள் வரி மட்டும் அச்சிட்ட ஒரு சீட்டு உங்கள் வீட்டுக்கு வரும். வெளியே போகும்போது வாட்ச்மேனிடம் வாங்கிக்கொள்ளுங்கள். அதிலுள்ள நம்பருக்கு உங்கள் போனிலிருந்து ஒருமுறை அடித்துப் பாருங்கள். உங்கள் பிள்ளை எடுத்தால் கையெழுத்துப் போட்டு ஞாயிற்றுக்கிழமைக்குள் திருப்பிக் கொடுங்கள். வேறு யாராவது எடுத்தால் அன்றைக்கே என்னைக் கூப்பிடுங்கள்.